என்னால், எனக்கு, நான்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு செயலைச் செய்யும் ஆற்றல் நம்மிடம் இல்லை என்பதைத் தமிழில் எப்படியெல்லாம் சொல்கிறோம் என்பதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச வந்திருக்கிறேன்.

நீந்துவதையே எடுத்துக்கொள்வோம். ‘எனக்கு நீந்தத் தெரியாது’ என்றால் நான் அதைக் கற்கவில்லை. ‘என்னால் நீந்த முடியாது’ என்றால், கற்றிருந்தாலும் கையோ காலோ காலச்சூழலோ தடுக்கிறது. ‘நான் நீந்த மாட்டேன்’ என்றால் தடுப்பது என் மனம். நான்காம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை, எழுவாய் என்று உருபு மாற மாற, குறை இருக்கும் இடமும் மாறுகிறது. இவற்றுக்கு நடுவே ‘எனக்குப் பாட வராது’ என்று இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகள் பயின்று இலக்கணமெல்லாம் அறிந்தவருக்கும் பாட்டு வராமற்போகலாம். அந்த ‘வராது’ என்ற சொல்லில் கலை ஏதோ தன் விருப்பப்படி வந்துபோகும் விருந்தாளி போலத் தோன்றுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவற்றுள் ‘மாட்டேன்’ என்பதன் வரலாறு சுவையானது. ‘மாட்டுதல்’ என்ற வினைக்கு ஆற்றல் உடையவராதல் என்றும் ஒரு பொருள் உண்டு; ஆகவே ‘மாட்டேன்’ என்பது முதலில் ‘எனக்கு வலிமை இல்லை’ என்ற ஒப்புதலாகவே இருந்தது. ‘வலி பொறுக்க மாட்டாமல் துடித்தான்’ என்று நாம் எழுதும்போது அந்தப் பழம்பொருள்தான் உயிரோடு நிற்கிறது; அவன் பொறுக்க மறுத்தான் என்று யாரும் கொள்வதில்லை. இயலாமையைச் சொன்ன சொல் காலப்போக்கில் மறுப்பைச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

‘முடியாது’ என்பதும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து. முடிதல் என்றால் நிறைவுறுதல். ‘என்னால் முடியவில்லை’ என்னும்போது நிறைவுறாதது வேலை. நான் வெறும் கருவியாக ஓரத்தில் நிற்கிறேன். இவ்வளவு பணிவான அமைப்புள்ள சொல்லைத்தான், ‘முடியாது என்றால் முடியாது’ என்று மேசையைத் தட்டிச் சொல்லவும் பயன்படுத்துகிறோம். அதனால்தானோ என்னவோ, உண்மையாகவே வர வழியில்லாதவர் கடிதத்தில் ‘வர இயலவில்லை’ என்று வேறு சொல்லைத் தேடுகிறார். அந்த இயலாது என்பதே ஈழத்துப் பேச்சில் ‘ஏலாது’ என்று அன்றாடச் சொல்லாக வழங்குகிறது.

இயலாமைக்கும் மறுப்புக்கும் இடையிலான இந்தக் குழப்பம் புதிதன்று. பரிசில் தரக் காலம் தாழ்த்திய பாண்டியன் நன்மாறனை நோக்கி சங்கப் புலவர் ஆவூர் மூலங்கிழார் பாடிய, புறநானூற்றின் 196ஆம் பாட்டு இதையே பேசுகிறது. அவர் ஆளும் சொல் ‘ஒல்லுதல்’, அதாவது இயலுதல். ஒல்லுவதை ஒல்லும் என்பதும், ஒல்லாததை இல்லை என்று மறுப்பதும் நட்பின் பாற்பட்டவை. ஒல்லாததை ஒல்லும் என்பதும், ஒல்லுவதை இல்லை என்பதும் இரப்போரை வாட்டுபவை என்கிறார். புலவருக்குச் சினமூட்டியது அரசனின் இயலாமை அன்று, இயன்றும் இல்லை என்றதுதான். ஒல்லாது என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. ‘சொல்லொணாத் துயர்’ என்பதில் உள்ள ‘ஒணா’ மட்டும் அதன் பொருளைச் சுமந்துகொண்டு எழுத்துநடையில் எஞ்சியிருக்கிறது.

‘கையாலாகாதவன்’ என்பது வசையாகிவிட்டதால் அதை யாரும் தம்மைப்பற்றி எளிதில் சொல்லிக்கொள்வதில்லை. ‘ஆற்றாமை’ வேறு திசையில் நடந்திருக்கிறது. ஆற்றுதல் என்றால் செய்தல். பொறுத்தல் என்றும் பொருள். தலைவியின் ஆற்றாமை என்று அகப்பாட்டு உரைகளில் வருவது, பிரிவைத் தாங்கும் வலிமை அவளிடம் இல்லை என்பதையே குறிக்கிறது. இன்றோ, ‘ஆற்றாமையில் பேசிவிட்டார், விடுங்கள்’ என்கிறோம். அங்கே எதைச் செய்ய முடியாமற்போனது என்பதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல், அந்த இயலாமை மனத்தில் விட்டுச்சென்ற வெம்மையை மட்டும் சொல் குறித்துவிடுகிறது.

நன்றி. வணக்கம்.