மஞ்சள் உடுப்புல பாவாடை எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணியே, மதுரை மக்களே, வணக்கம். கதை மாந்தருக்கு ஆண் நிறம், பெண் நிறம்னு பிரிக்கிறது இயல்பா, பழக்கமா? பழக்கமேங்கிறது எங்க அணி.

எதிரணித் தம்பி கேட்டார்: "ரோஸ் சட்டை போட்டவனை வாடிவாசல்ல இறக்குவீங்களா?" நீங்களும் கைதட்டினீங்க. தம்பி, அலங்காநல்லூர்ல சுற்றுக்கு ஒரு நிறத்துல சட்டை கொடுக்கிறாங்களே, எதுக்கு? எந்தச் சுற்று ஆளுன்னு கமிட்டி தூரத்துல இருந்தே கண்டுபிடிக்க. மாட்டுக் கண்ணுக்குச் சிவப்பே சரியாப் பிரியாது. ரோஸ் சட்டைக்காரன்னு காளை கொம்பைத் தாழ்த்தாம விட்டுடுமா?

நிறம் ஓர் அடையாளச் சீட்டு. முகமூடிக் கதையில அதை விட்டா வேற வழியே இல்ல. பவர் ரேஞ்சர்ஸ் டிவி தொடர் பார்த்திருப்பீங்க, ஆளுக்கொரு நிற உடுப்புல சண்டை போடுவாங்க. முழு ஹெல்மெட், நிறத்தை எடுத்துட்டா யார் யாருன்னு தெரியாது. 1993ல அமெரிக்காவுல வந்தப்ப ரோஸும் மஞ்சளும் பொண்ணுங்க. உத்துப் பாருங்க: ரோஸ் உடுப்புல குட்டைப் பாவாடை இருக்கும், மஞ்சள்ல இருக்காது. துணி பத்தலையா? தையல்காரர் மறந்துட்டாரா? இல்லய்யா! சண்டைக் காட்சிகள்ல பெரும்பங்கு 1992ல வந்த ஜப்பான் தொடர்ல எடுத்தது. அங்க மஞ்சள் ஆம்பளை! ஹெல்மெட் இல்லாத காட்சியை மட்டும் அமெரிக்காவுல புதுசா எடுத்துப் பொண்ணை நடிக்க வச்சாங்க. பின்வரிசைக்குக் கேட்டுச்சா? இன்னொரு தடவை சொல்றேன். ஜப்பான்ல எம்பிக் குதிச்சப்ப அவன், அமெரிக்காவுல தரையில இறங்கினப்ப அவள்! அதே மஞ்சள், அதே உதை. காட்டிக் கொடுத்தது அந்த இல்லாத பாவாடை ஒண்ணுதான்.

ரோஸ் மட்டும் என்ன? 1918ல அமெரிக்கக் குழந்தைத் துணி வியாபாரிகளோட பத்திரிகை ஒண்ணு, ரோஸ் அழுத்தமான நிறம், அது பையனுக்கு. நீலம் மென்மை, அது பொண்ணுக்குன்னு எழுதுச்சு. 1959ல வந்த முதல் பார்பிக்கு உடுப்பு கறுப்பு வெள்ளைக் கோடு.

கதகளியில முகத்துக்குப் பச்சை பூசினா உத்தம நாயகன். நம்ம வீட்டுக் கொலுவுல, கல்யாணச் செட்டுல மீனாட்சி பச்சை. சாமியை நான் கதையில சேர்க்கலை, நம்ம கண்ணு பழகின விதத்தைச் சொல்றேன். அழகர் பச்சைப் பட்டுல வைகையில இறங்கினா ஊர் செழிக்கும்ங்கிறோம். தங்கச்சி மேனி நிறத்தை அண்ணன் உடுத்தி வர்றாரு. பொம்பளை நிறம்னு யாராவது முகம் சுளிச்சோமா? பிள்ளையைத் தோள்ல தூக்கிக் காட்டிக் கும்பிட்டோம்.

அதே பிள்ளை இன்னிக்கு வீட்டுல ராஜா படம் வரைஞ்சு, ரோஸ் பென்சிலை எடுத்திருக்கு. "ஐய, அது பொட்டப்பிள்ளை கலருடா"ன்னு பிடுங்கி வச்சிருக்கோம். அது அழுதுக்கிட்டு நிக்குது. தாயே, அந்தப் பென்சிலை அவன் கையில திருப்பிக் கொடுத்துடுங்க.