ஏரிப் படுகையின் மேல் ஒரு விரைவுச்சாலை

நேயர்களுக்கு வணக்கம். பழைய விரைவுச்சாலையை இடித்துக் கட்டும்போது, வாகனங்களை எங்கே திருப்பிவிடுவது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் வேலையின் காலக்கணக்கைப் பெரும்பாலும் முடிவு செய்வது அடியிலுள்ள மண். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி வழியே செல்லும் ஐ-15 சாலையின் மறுகட்டுமானம் இதற்கு நல்ல சான்று.

2002 குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடக்கும் என்பது 1995-இல் உறுதியாயிற்று. அதற்குள் சுமார் 27 கிலோமீட்டர் சாலையையும், நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களையும், போக்குவரத்தை முற்றிலும் நிறுத்தாமல் புதிதாகக் கட்டியாக வேண்டும். வரைபடங்கள் அனைத்தையும் முடித்த பிறகே டெண்டர் கோரும் வழக்கமான முறைக்கு அவகாசம் இல்லாததால், வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்பட்டன. வேலை 1997-இல் தொடங்கியது.

நகரம் அமைந்திருப்பதோ பான்வில் என்னும் பண்டைய ஏரியின் படுகை. அங்குள்ள மென்களிமண்ணின் மேல், சாலையை உயர்த்துவதற்காக எட்டுப் பத்து மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டினால், களிமண்ணில் உள்ள நீர் மெல்ல மெல்ல வெளியேற, தரை ஒரு மீட்டருக்கு மேலும் அமுங்கக்கூடும். அது அடங்க இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். நீர் விரைவாக வெளியேறுவதற்காகப் பட்டையான வடிகால்களைச் செங்குத்தாக இறக்கி, மேலே கூடுதல் மண்ணை ஏற்றி அழுத்தினார்கள். ஆனால் எரிவாயு, குடிநீர்க் குழாய்கள் புதைந்திருந்த இடங்களில் இது உதவாது. தரை அமுங்கினால் குழாயும் வளைந்து உடையும்.

அத்தகைய இடங்களில் மண்ணுக்குப் பதிலாக, நாம் தெர்மோகோல் என்று அழைக்கும் பொருளின் பெரிய கட்டிகளைச் செங்கல்போல இணைப்பு மாற்றி அடுக்கினார்கள். அவற்றின் எடை அதே அளவு மண்ணின் எடையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும் பொருள் அது என்பதால், மேலே கான்கிரீட் பலகம் வார்த்தார்கள். வாகனச் சுமையைப் பரப்பித் தரும் வேலையும் அதற்கு உண்டு. கேட்பதற்கு விளையாட்டுபோலத் தோன்றினாலும், என் பார்வையில் அத்திட்டத்தின் மிகத் துணிவான முடிவு இதுவே. குழாய்களை இடம் மாற்றியிருந்தால் செலவைவிட முக்கியமாக, மாதக்கணக்கில் காலம் போயிருக்கும்.

2001 கோடையிலேயே, அதாவது ஒலிம்பிக்குக்குப் பல மாதங்கள் முன்பே, புதிய சாலை பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.