நத்தார்: கட்டளை இல்லாத புனித நாள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் கொழும்புத் தமிழ்ச் சபைகளில் ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வாசலில் நத்தாருக்காக, அதாவது கிறிஸ்மஸுக்காக, நட்சத்திரக் கூடு தொங்கும். அடுத்த வீட்டாரும் கிறிஸ்துவை நம்புகிறவர்கள்தான், ஆனால் அங்கே ஒரு விளக்குக்கூட இராது. "வேதத்தில் எங்கே இருக்கிறது இந்தப் பண்டிகை?" என்று அவர்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: எங்கும் இல்லை. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பை எழுதினார்கள், தேதியை எழுதவில்லை. இராப்போசனத்தைத் தம்மை நினைவுகூர்ந்து செய்யும்படி ஆண்டவர் சொன்னார். தம் பிறப்பைப் பற்றி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆதித் திருச்சபைக்கும் இந்த நாள் தெரியாது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற வேத அறிஞர், வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான் என்று குத்திக்காட்டினார்.

ஆகவே, இந்த நாளை ஆசரிக்காதவர் பாவம் செய்கிறார் என்று எவரும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளாமல் நத்தாருக்காக வாதாடினால், நம் வாதத்துக்கு அடித்தளமே இராது.

ஆனால் "இது புறஜாதிப் பண்டிகை", அதாவது பிற தெய்வங்களை வணங்கியவர்களிடமிருந்து வந்தது, என்ற குற்றச்சாட்டு வேறு. அதை ஆதாரத்தோடு எடைபோட வேண்டும். 274ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் ஒரேலியன் 'வெல்லப்படாத சூரியன்' என்ற தெய்வத்துக்குக் கோயில் எடுத்தான். டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாளாகத் தெளிவாகக் காணப்படும் மிகப் பழைய பட்டியல் ரோமில் 336இல் தொகுக்கப்பட்டது. 354ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஏடு ஒன்றின் வழியாக அது நம்மிடம் வந்திருக்கிறது. அதே ஏட்டின் இன்னொரு பகுதியில் அதே தேதிக்கு நேராகச் சூரியனின் விழாவும் இருக்கிறது. எது எதைப் பார்த்து வந்தது என்று அந்த ஏடு சொல்லவில்லை.

இன்னொரு விளக்கமும் உண்டு. ஆண்டவர் மரித்தது மார்ச் 25 என்று மேற்குத் திருச்சபையில் ஆதிகால எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே கணக்கிட்டிருந்தார்கள். அதே தேதியில்தான் அவர் கருவில் உருவானார் என்றும் நம்பினார்கள். ஆயர் அகுஸ்தீன் இதை எழுதியிருக்கிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள், டிசம்பர் 25 வரும். எனக்கு இந்த விளக்கமே வலுவாகத் தெரிகிறது. பிறப்பை அவர்கள் சிலுவையிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். ஆனாலும் இது அவர்களுடைய கணக்கு. உண்மையான பிறந்தநாள் இதுதான் என்று மேடையில் அடித்துச் சொல்லும் போதகர், கேட்கிற இளைஞனின் சந்தேகத்தைத் தானே வளர்க்கிறார். ஆர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் பிறப்பை ஆசரிக்கிறது. அதனால் அதன் விசுவாசம் குறைந்துபோகவில்லை.

நத்தார் மரத்துக்கு எதிராக எரேமியா 10ஆம் அதிகாரத்தைக் காட்டுவோரும் இருக்கிறார்கள். காட்டில் மரம் வெட்டி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கிறார்கள் என்று அங்கே வருவது உண்மை. ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்: அது பேசாது, நடக்காது, தூக்கிச் சுமக்கப்பட வேண்டும். தச்சன் செதுக்கிய விக்கிரகத்தைப் பற்றிய பேச்சு அது.

நாட்களை ஆசரித்த கலாத்தியச் சபையாரைப் பவுல் கண்டித்தாரே என்றும் சிலர் கேட்பார்கள். ஏன் கண்டித்தார்? நாட்களையும் மாதங்களையும் ஆசரிப்பதால் தேவனுக்கு முன் நீதிமான்களாகலாம் என்று அவர்கள் நினைத்ததால். அதே பவுல் ரோமர் 14இல், நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவன் 'கர்த்தருக்கென்று' விசேஷித்துக்கொள்ளுகிறான் என்கிறார். விசேஷித்துக்கொள்ளாதவனும் அப்படியே என்கிறார். மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிடாத ஒரு யூதப் பண்டிகை, தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. மக்கபேயர் என்ற யூத வீரர்களின் காலத்தில் ஏற்பட்டது. அந்தப் பண்டிகையின்போது இயேசு தேவாலயத்தில் உலாவினார் என்று யோவான் 10 சொல்கிறது. மீட்பின் செயலை நினைவுகூரத் தேவமக்கள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம் என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

இந்த வாதத்தை நம் நகரத்திலேயே பார்க்கலாம். கொள்ளுப்பிட்டியில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆலயம் இருக்கிறது. வுல்ஃபெண்டாலில் ஒல்லாந்தர் 1757இல் திறந்த ஆலயம் இருக்கிறது. இரண்டுக்கும் மூலம், சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தம். ஆனால் ஸ்கொட்லாந்து நத்தாரை நீண்டகாலம் ஒதுக்கியே வைத்தது. அங்கே அது பொது விடுமுறையானது 1958இல்தான். ஒல்லாந்தரோ ஆசரித்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். 1574இல் டோர்ட் நகரில் கூடிய அவர்களுடைய சபைச் சங்கம், ஞாயிறு மட்டும் போதும் என்றது. 1578இல் அதே நகரில் கூடியபோது, அரசாங்கம் விடுமுறை விடத்தான் போகிறது, மக்கள் சும்மா இருந்து கெட்டுப்போவதைவிடப் போதகர்கள் அன்று பிரசங்கித்து அந்த ஓய்வைப் பக்தியாக மாற்றட்டும் என்று முடிவுசெய்தது.

இன்றைய கொழும்புக்கு இதைவிடப் பொருத்தமான புத்தி வேறில்லை. 25ஆம் தேதி எப்படியும் விடுமுறை. சபை அந்த நாளை நிரப்பாவிட்டால் போத்தல் நிரப்பும். அரசாங்கம் தரும் விடுமுறையும் புனித நாளும் ஒன்று என்று நினைக்கவும் வேண்டாம். 1966 முதல் 1971 வரை இலங்கையில் நிலவின் நிலைகளைப் பொறுத்து வரும் பௌத்தப் போயா நாட்களே வார விடுமுறை, ஞாயிறு வேலைநாள். கிறிஸ்தவர்கள் அதற்காக ஞாயிறு ஆராதனையைக் கைவிடவில்லை.

இனி, எப்படி ஆசரிப்பது?

முதலாவது, திருவருகைக் காலம். நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறில் அது தொடங்கும். நான்கு ஞாயிறுகள், ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாட்கள். இது காத்திருப்பின் காலம், மனந்திரும்புதலின் காலம். இங்கேதான் நாம் பெரிதும் தவறுகிறோம். டிசம்பர் முதல் வாரத்திலேயே கரோல் ஆராதனை, அலுவலக விருந்து, புறக்கோட்டை நெரிசல் எல்லாம் தொடங்கிவிடும். 25 வரும்போது பாட்டும் சலித்திருக்கும், கேக்கும் திகட்டியிருக்கும். முடிந்த சபைகள் கரோல் ஆராதனையை நான்காம் ஞாயிறை ஒட்டி வைக்கட்டும். அதுவரை வருகையின் பாடல்களே போதும்.

வீட்டில் நான்கு மெழுகுதிரிகள் வைப்பவர்கள் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டிக் கொளுத்துங்கள். மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு உரியது இளஞ்சிவப்பு. முதல் நாளே நான்கையும் கொளுத்தினால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குப் புரியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொளுத்துங்கள். காற்றில் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து திரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

குடும்ப ஜெபத்துக்கு லூக்கா நற்செய்தி மிகவும் வசதி. அதில் 24 அதிகாரங்கள். டிசம்பர் முதலாம் தேதியிலிருந்து இரவுக்கு ஒன்றாக வாசித்தால் 24ஆம் தேதி உயிர்த்தெழுதலில் முடியும். மறுநாள் காலை இரண்டாம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். சிலுவையையும் கல்லறையையும் கடந்து வந்தபின் தொழுவத்தைப் பார்க்கும் பார்வையே வேறு. முதல் அதிகாரம் 80 வசனம், நீளமானது. சிறு பிள்ளைகள் இருந்தால் இரண்டாகப் பிரித்து மாலையும் இரவும் வாசிக்கலாம்.

கத்தோலிக்க மக்களுக்கு அன்று திருப்பலி காண்பது கடன். நள்ளிரவுத் திருப்பலி மட்டுமே நத்தார் திருப்பலி என்று பலர் நினைக்கிறார்கள். மாலை, நள்ளிரவு, வைகறை, பகல் என்று நான்கு உண்டு. நான்குக்கும் வாசகங்கள் வேறு. இரவில் ஓட்டோவுக்கு அலையும் முதியவர்களும் கைக்குழந்தைக்காரரும் பகல் திருப்பலிக்குப் போனால் ஒன்றும் குறையாது. 'வாக்கு மனிதரானார்' என்னும் யோவான் நற்செய்திப் பகுதி வாசிக்கப்படுவது அந்தத் திருப்பலியில்தான்.

அடுத்தது, ஓய்வு. உபாகமம் 5ஆம் அதிகாரம் ஓய்வுநாளைப் பற்றிச் சொல்லும்போது வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்கிறது. 24ஆம் தேதி இரவு முழுதும் அம்மா ஒருத்தியே அடுப்படியில் நின்றால் அந்த வீட்டில் ஒருவருக்குப் புனித நாள் இல்லாமல் போகிறது. சமையலைக் குறையுங்கள், அல்லது பங்கிடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர் மலையகத்தவர் என்றால், பஸ்ஸில் இடம் கிடைக்கும் நாளில், 22ஆம் தேதிக்குள்ளேயே, சம்பளத்தோடு அனுப்புங்கள். ஏழைகளுக்கான பங்கையும் உடுப்பு வாங்கும் முன்பே எடுத்து வையுங்கள். கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

ஆசரிக்காத சகோதரரைக் கேலி செய்யாதீர்கள், விருந்துக்கு வற்புறுத்தாதீர்கள். அவர்களும் நம்மைப் புறஜாதியார் என்று சொல்லாதிருக்கட்டும்.

கடைசியாக, நத்தார் 25ஆம் தேதி இரவோடு முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. 26 ஸ்தேவான், முதல் இரத்தசாட்சி. 27 யோவான். 28 ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள். பன்னிரண்டு நாட்கள் கடந்து ஜனவரி 6, ஞானிகள் வந்த திருநாள். ஆகவே பாலன் குடிலை 26ஆம் தேதி காலையிலேயே கழற்ற வேண்டாம். மூன்று ஞானிகளின் உருவங்களை முதல் நாள் குடிலில் வைக்காமல் அலுமாரியின் ஓர் ஓரத்தில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, 6ஆம் தேதி பாலன் முன் கொண்டுவந்து வையுங்கள். நகர்த்துகிற வேலையை வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.