அண்ட்-க்கு முன்னாடி கமா போடணுமா வேண்டாமா?

அடுத்த கேள்வி மன்னார்குடியிலேர்ந்து ஒரு தம்பி, காலேஜ் செகண்ட் இயர். "சார், வரிசையா பொருள் பேர் எழுதுறப்ப அண்ட்-க்கு முன்னாடி கமா போட்டேன், வாத்தியார் அடிச்சு விட்டுட்டார், ஆனா என் கிராமர் புக்குல போட்டிருக்கு, எது சார் சரி"ன்னு கேக்குறார்.

ரெண்டும் சரிதான் தம்பி, வாத்தியார் மேல கோச்சுக்காதீங்க. அதுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கமான்னு பேரு, ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்காரங்க அத விடாம போடுறவங்க, நியூஸ் பேப்பர்ல பெரும்பாலும் போட மாட்டாங்க.

ஆனா மொதல்ல கமா அங்க என்ன வேலை பாக்குதுன்னு புரியணும். இப்ப குறுவைக்கு உரக்கடைக்குப் போறீங்க, "யூரியாவும் டிஏபியும் பொட்டாஷும் குடுங்கண்ணே"ங்கிறீங்க, எத்தன உம் வந்துச்சு, மூணு, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ்ல அண்ட் ஒரே தடவதான், அதுவும் கடைசியில, அப்ப மத்த எடத்துல இல்லாத உம்முக்கு பதிலா நிக்கிறதுதான் கமா, 'யூரியா, டிஏபி அண்ட் பொட்டாஷ்', அவ்ளோதான். ரெண்டே பொருள்னா, 'பேடி அண்ட் உளுந்து'ன்னா (பேடின்னா இங்கிலீஷ்ல நெல்லு), அண்ட்டே போதும், நடுவுல கமா வேண்டாம்.

நம்ம புள்ளைங்க இன்னொண்ணு பண்றாங்க, பேசுறப்ப மூச்சு வாங்குற எடத்துலல்லாம் கமா போட்டுடுறாங்க. 'வீ க்ரோ'ன்னு எழுதிட்டு ஒரு கமா, அப்பறம் பேடி, உளுந்து, பச்சப்பயறு. க்ரோ-வுக்குப் பின்னாடி எதுக்குங்க கமா, எந்த உம் அங்க விட்டுப்போச்சு? அது தப்பு.

சரி, அந்த கடைசி கமாவுக்கு வருவோம். சில எடத்துல அது இல்லாட்டி வம்பு. வீட்டுக் கல்யாணத்துக்கு யாரக் கூப்டேன்னு எழுதுறீங்க, 'ஐ இன்வைட்டட் மை அங்கிள்ஸ், த விஏஓ அண்ட் த போஸ்ட்மேன்'. படிக்கிறவன் என்ன நெனப்பான், உங்க மாமா ஒருத்தர் விஏஓ, இன்னொருத்தர் போஸ்ட்மேன்னு நெனப்பான். அண்ட்-க்கு முன்னாடி ஒரு கமா போட்டா மாமாங்க தனி, விஏஓ தனி, போஸ்ட்மேன் தனி.

சிரிக்காதீங்க, அமெரிக்காவுல மெயின்னு பேரு உள்ள மாநிலத்துல இதுக்காக கோர்ட்டுக்கே போயிருக்காங்க. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கூலி கெடையாதுன்னு சட்டத்துல ஒரு லிஸ்ட், அது முடியிற எடத்துல 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'னு இருக்கு, ஆர்-க்கு முன்னாடி கமா இல்ல. பால் கம்பெனி லாரி டிரைவருங்க கேட்டாங்க, இது அனுப்புறதுக்காகவும் வினியோகத்துக்காகவும் பேக் பண்ற வேலையத்தான சொல்லுது, நாங்க பேக் பண்ணலயே, கொண்டு போயி எறக்குறோம், எங்களுக்கு ஓவர்டைம் குடுன்னு. கம்பெனி என்ன சொல்லுச்சு, வினியோகம்ங்கிறது லிஸ்ட்டுல தனி அயிட்டம்னு. 2017-ல கோர்ட்டு, எழுதுனது தெளிவா இல்லன்னுட்டு டிரைவருங்க பக்கம் நின்னுச்சு, அடுத்த வருஷம் 50 லட்சம் டாலருக்கு கம்பெனி சமாதானம் பேசி முடிச்சுது. நம்ம உம் அங்க இருந்திருந்தா இந்த கேஸே இல்ல, போங்க.

அதனால தம்பி, இந்த செமஸ்டருக்கு உங்க வாத்தியார் சொல்ற மாதிரியே எழுதுங்க, மார்க் போடுறவர் அவருதான. ஒரு பாராவுல போட்டு அடுத்த பாராவுல விடாதீங்க, அது மட்டும் கண்ண உறுத்தும். ஆனா அந்த மாமா கேஸ் மாதிரி வந்துச்சுன்னா தைரியமா கமாவ போட்டுட்டு, அவர் அடிச்சார்னா போஸ்ட்மேன் எனக்கு மாமா இல்ல சார்னு சொல்லுங்க.