நாய்க்கு வழி தெரியாது

(வெண்கோல் தினத்தையொட்டி ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பைச் சொன்னதும் முன்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வழிகாட்டி நாயைப் பற்றிப் பேச வந்தவன், நாய்க்கு வழி தெரியாது என்று ஆரம்பித்தால் சிரிக்கத்தான் செய்வீர்கள். ஆனால் உண்மை அதுதான். பார்வையற்ற ஒருவர் தன் நாயிடம் "தபால் ஆபீசுக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடப்பதில்லை. எத்தனை தெரு தாண்டவேண்டும், எங்கே இடப்பக்கம் திரும்பவேண்டும், பேக்கரி வாசனை வந்தபிறகு இன்னும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கு. நாய்க்குத் தெரிந்தது அடுத்த பத்தடி. அந்தப் பத்தடிக்குள் குழி இருக்கிறதா, படி இருக்கிறதா, எவனாவது சைக்கிளைக் குறுக்கே சாத்தி வைத்திருக்கிறானா என்று பார்ப்பது அதன் வேலை. வரைபடம் இவரிடம், கண் அதனிடம். இந்த வேலைப் பிரிவினை புரிந்துவிட்டால், அந்த நாயை ஏன் அப்படிப் பழக்குகிறார்கள், ஆளோடு ஏன் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

இது எங்கே தொடங்கியது? முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக, 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற மருத்துவர் முதல் பள்ளியைத் திறந்தார். பார்வை இழந்த நோயாளி ஒருவரிடம் தன் நாயைக் கொஞ்ச நேரம் விட்டுப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் நாய் அந்த ஆளைக் கவனித்துக்கொண்டிருந்ததாம். கதை அழகாக இருக்கிறது, அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. பள்ளி இருந்தது மட்டும் நிச்சயம்.

நான் பேச வந்தது மாரிஸ் ஃபிராங்க் என்ற அமெரிக்க இளைஞரைப் பற்றி. டென்னசி மாநிலத்து நாஷ்வில் ஊர்க்காரர். ஆறு வயதில் குதிரைச் சவாரியின்போது மரக்கிளை பட்டு ஒரு கண் போனது. பதினாறு வயதில் குத்துச்சண்டையில் இன்னொன்றும் போனது. 1927 நவம்பரில் அவருடைய அப்பா ஒரு பத்திரிகைக் கட்டுரையை வாசித்துக் காட்டினார். சுவிட்சர்லாந்தில் நாய்ப் பண்ணை வைத்திருந்த டாரத்தி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஜெர்மனியில் தான் பார்த்த பயிற்சியைப் பற்றி எழுதியது. ஃபிராங்க் உடனே அவருக்குக் கடிதம் போட்டார். எனக்கு ஒரு நாய் கொடுங்கள், நான் திரும்பி வந்து இங்கே மற்றவர்களுக்கும் இது கிடைக்க வழி செய்கிறேன் என்பதுதான் அதன் சாரம்.

1928இல் அவர் கப்பலேறினார். எப்படித் தெரியுமா? பார்சலாக! அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பொறுப்பேற்று, கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு சேர்த்தது. நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போகமுடியாத இளைஞன், யாரையும் நம்பாமல் நடக்கக் கற்றுக்கொள்வதற்காகச் சரக்காகப் போனான்.

அங்கே ஜாக் ஹம்ஃப்ரி என்ற பயிற்சியாளர் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு பெண் நாயை அவரிடம் கொடுத்தார். பெயர் கிஸ். வாலிபப் பையன் நடுத்தெருவில் நின்று "முத்தம், முத்தம்" என்று கூப்பிட முடியுமா? கையோடு பெயரை மாற்றி 'படி' என்று வைத்துவிட்டார். நம் மாடிப்படி இல்லை, தோழன் என்று பொருள். ஒருநாள் இருவரும் தனியாகப் பக்கத்து ஊருக்கு முடிவெட்டப் போனார்கள். நாஷ்வில்லில் யாராவது கொண்டுபோய் சலூனில் விடுவார்கள், நேரம் கிடைக்கும்போது வந்து அழைத்துப் போவார்கள், அதுவரை மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று தானே போய், தானே காசு கொடுத்து, தானே திரும்பினார். சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்ததாகப் பின்னாளில் சொன்னார். முடிவெட்டிக்கொண்டதற்கு அப்படிச் சிரித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூனில் நியூயார்க் திரும்பியபோது நிருபர்கள் கூடிவிட்டார்கள். வெஸ்ட் ஸ்ட்ரீட் என்று ஒரு சாலை. துறைமுகத்தை ஒட்டி லாரியும் வண்டியும் இரைந்து ஓடுவது. எங்கே, இதைக் கடந்து காட்டு என்றார்கள். "முன்னே போ" என்றார். படி நின்றது, நகர்ந்தது, பின்வாங்கியது, மறுபடி நகர்ந்தது. இவருக்குத் திசையே தப்பிப்போனது. மறுபக்கத்து நடைமேடையில் கால் வைத்த பிறகுதான் உயிர் வந்தது. நிருபர்களில் ஒருவர் கடக்க முடியாமல் நின்று, கடைசியில் டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தாராம். யூஸ்டிஸுக்குத் தந்தி போனது. ஒரே சொல்: வெற்றி. 1929 ஜனவரியில் நாஷ்வில்லில் 'தி சீயிங் ஐ' பள்ளி பிறந்தது. இப்போது அது நியூஜெர்சியில் மாரிஸ்டவுன் பக்கத்தில் இருக்கிறது.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

குட்டி ஏழெட்டு வாரத்தில் ஒரு தன்னார்வக் குடும்பத்துக்குப் போகிறது. 1942 முதல் நியூஜெர்சியின் பள்ளிப் பிள்ளைகள் இப்படி வளர்த்துக் கொடுத்து வருகிறார்கள். ஒரு வயது தாண்டும்வரை வளர்ப்பு. அங்கே வழிகாட்டுவது எதையும் கற்றுத் தருவதில்லை. ரயிலில் காலடியில் சுருண்டு படுப்பது, கடையில் எதையும் மோப்பம் பிடித்து இழுக்காமல் இருப்பது, பட்டாசுக்கும் குழந்தை அழுகைக்கும் மிரளாமல் இருப்பது, இவ்வளவுதான். பிறகு பையனோ பெண்ணோ அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளை யாரும் மேடையேற்றிப் பேசுவதில்லை, அது எனக்கு ஒரு குறை.

அதன்பின் பள்ளியில் நான்கு மாதம். உடம்பில் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டையை மாட்டுவார்கள். முதுகின் மேல் விறைப்பான கைப்பிடி இருக்கும். கழுத்துக் கயிறு நாயை அடக்குவதற்கு, கைப்பிடி நாய் சொல்வதைக் கேட்பதற்கு. அது ஒரு அங்குலம் விலகினாலும் மனிதனின் இடது கைக்குத் தெரியும். நடைமேடை விளிம்பில் நிற்கும், அவர் காலால் தடவிப் பார்த்துக்கொள்வார்.

இதில் கஷ்டமானது எது? தன் உடம்போடு, கூட வருபவரின் உடம்பையும் கணக்கில் சேர்ப்பது. தாழ்ந்து தொங்கும் மரக்கிளை நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை, அடியில் நுழைந்து போய்விடும். பின்னால் வருபவரின் நெற்றிதான் பிளக்கும். அதனால் பயிற்சியாளர் அந்த இடத்தில் நின்று, கிளையைத் தட்டிக் காட்டி, நாலடி பின்னால் வந்து மறுபடி நடக்கச் சொல்வார். சுற்றிக்கொண்டு போனால் பாராட்டு, கூடவே ஒரு தீனி. நாளடைவில் அந்த இரண்டடி உயர நாய், தான் ஆறடி உயரம், மூன்றடி அகலம் என்று நினைத்து நடக்க ஆரம்பிக்கிறது.

அதைவிடக் கஷ்டமானது, சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்வது. இதை 'அறிவார்ந்த கீழ்ப்படியாமை' என்று சொல்லலாம். நாய்க்குச் சிக்னல் விளக்கு படிக்கத் தெரியாது. சிவப்பும் பச்சையும் அதன் கண்ணுக்கு நமக்குத் தெரிகிற மாதிரி பிரிந்து தெரிவதே இல்லை. வண்டிகளின் ஓசையைக் கேட்டு, எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தப் பக்கம் நின்றது என்று தீர்மானித்து 'முன்னே' என்று சொல்வது மனிதர்தான். அவர் கணக்கு தப்பிவிட்டால்? சத்தமே இல்லாத மின்சாரக் கார் திரும்பி வந்தால்? அப்போது நாய் அசையக் கூடாது. இதற்காகப் பள்ளி ஊழியர்களே காரை எடுத்துக்கொண்டு வந்து குறுக்கே விடுவார்கள். பயிற்சியாளர் வேண்டுமென்றே "முன்னே" என்பார். பிறந்ததிலிருந்து சொன்னதைச் செய்தால்தான் பாராட்டு என்று வளர்ந்த பிராணி அது. இப்போது சொன்னதைச் செய்யாமல் நின்றதற்காகப் பாராட்டு வாங்குகிறது. எப்போது கேட்பது, எப்போது மறுப்பது என்பதை அதுவே முடிவு செய்யவேண்டும். அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு அது கைவந்தது என்று கேட்கத் தோன்றுகிறது, வேண்டாம், விடுங்கள்.

கடைசியில் பயிற்சியாளரே கண்ணைக் கட்டிக்கொண்டு ஊர்த் தெருவில் அந்த நாயோடு நடந்து காட்டவேண்டும். தான் பழக்கியதைத் தன் முழங்காலை வைத்தே சோதிக்கிறார்.

இனி ஜோடி சேர்ப்பது. விண்ணப்பித்தவர் வீட்டுக்கு ஒருவர் வருவார். கையில் வெறும் ஹார்னஸ். அதில் நாய் இருக்கவேண்டிய இடத்தில் அவரே புகுந்துகொண்டு, கைப்பிடியை இவரிடம் கொடுத்து, தெருவில் இழுத்துப் போவார். இல்லாத அந்த நாய்க்கு ஜூனோ என்று பெயர். "ஜூனோ, முன்னே!", "ஜூனோ, இடது!" என்று ஒரு பெரிய மனிதரைப் பார்த்து இன்னொரு பெரிய மனிதர் அதட்டுவார். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ! ஆனால் அந்தக் கால்மணி நேரத்தில் முக்கால் விஷயம் தெரிந்துவிடும். இவர் நடை வேகம் என்ன, எவ்வளவு இழுவையைக் கை தாங்கும், தோள் எந்த உயரம், குரலில் அதட்டல் உண்டா, மெதுவாகத்தான் பேசுவாரா? பிறகு வாழ்க்கையைக் கேட்பார்கள். கல்லூரிக்கு நாள்தோறும் மூன்று பஸ் மாறுகிறவரா, கிராமத்தில் நடைமேடை இல்லாத சாலையில் நடப்பவரா, வீட்டில் பூனை உண்டா, ஒரு காது மந்தமா? பரபரப்பான நாயை நிதானமான பெரியவரிடம் கொடுத்தால் இருவருக்கும் நரகம். நம் ஊரில் ஜாதகம் பார்க்கிறவர்கள் பத்துப் பொருத்தத்தில் நடை வேகத்தைச் சேர்க்காமல் விட்டது பெரிய தவறு.

பள்ளியில் மூன்று நான்கு வாரம் இருவரும் சேர்ந்து கற்கவேண்டும். நாயைக் கையில் கொடுக்கும் அன்று அது இவரைப் பார்க்கவே பார்க்காது. நான்கு மாதம் பழகிய பயிற்சியாளர் போன கதவையே பார்த்து முனகிக்கொண்டிருக்கும். அடுத்த நாள் முதல் தீனி வைப்பது, வாரிவிடுவது, வெளியே கூட்டிப்போவது எல்லாம் இவர்தான். பயிற்சியாளர் பின்னால் நடப்பார், நாளுக்கு நாள் தூரம் கூடும். கஷ்டம் நாய்ப்பக்கம் இல்லை. நாய் நின்றால் தானும் நிற்கவேண்டும் என்பதை ஏற்கப் பலருக்கு நாளாகும். அது நிற்பதற்குக் காரணம் இவருக்குத் தெரியாது. "சும்மா நிற்கிறது" என்று ஓரடி எடுத்து வைத்து முட்டிக்கொண்ட பிறகுதான் புத்தி வரும்.

நம் தெருவில் இது ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நாலு எட்டுக்கு ஒரு தெருநாய் குரைக்க, நடைமேடையில் இளநீர்க் கடையும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்க, பாவம் அந்த நாய் எத்தனை தரம்தான் கீழ்ப்படியாமல் நிற்கும்? எங்கேயாவது பார்த்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஹார்னஸ் மாட்டியிருக்கும்போது அதைத் தடவாதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். அது வேலையில் இருக்கிறது. பேசவேண்டியது அந்த மனிதரிடம்.

கடைசியாகக் காசு விஷயம். ஒரு நாயை வளர்த்துப் பழக்கி ஜோடி சேர்க்கப் பெரும் செலவு ஆகிறது, அது நன்கொடையில் நடக்கிறது. ஆனால் சீயிங் ஐ பள்ளி சும்மா கொடுப்பதில்லை. முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்து வாங்கும் நாய்களுக்கு 50 டாலர், முன்னாள் படைவீரர் என்றால் 1 டாலர். 1934இல் வைத்த கட்டணம், இன்றுவரை ஏற்றவில்லை. நாய் தானமாக வந்தால் அது பள்ளியின் நாய், காசு கொடுத்தால் என் நாய். ஃபிராங்க் தனக்கு அடுத்து வந்த ஒவ்வொரு நாய்க்கும் 'படி' என்றே பெயர் வைத்தார். அவருடைய நாய், அவர் வைத்த பெயர். யார் கேட்பது!

நன்றி, வணக்கம்.