பனியில கருகின அகாந்தஸ் செத்துப்போச்சா? தொண்டி அக்கா கேட்ட கேள்வி

இந்தக் கேள்வி தொண்டியிலருந்து ஒரு அக்கா கேட்டது. படிச்சதுலருந்து மனசை விட்டுப் போகல. அவங்க மகன் டொராண்டோவுல இருக்கார். போன புரட்டாசியில கடையில அகாந்தஸ் மோல்லிஸ்னு ஒரு செடி வாங்கி வீட்டு முன்னால நட்டிருக்கார். மார்கழியில இலையெல்லாம் கறுத்து, வெந்த கீரை மாதிரி தரையோட படுத்துருச்சாம். "செத்துருச்சா? பார்க்க நம்ம கழுதைமுள்ளி மாதிரி இருக்கே, இங்கருந்து விதை அனுப்பினா அங்க வருமா?"னு கேக்குறாங்க.

விதை அனுப்பாதீங்க அக்கா. சொந்தம் உண்மைதான். கழுதைமுள்ளியும் அகாந்தஸ்தான், அதோட தாவரப் பேரு அகாந்தஸ் இலிசிஃபோலியஸ். ஆனா அது கழியோரத்துல வெந்நீர் மாதிரி சுடுற உப்புச் சேத்துல வளர்ந்த சாதி. ஒரு ராத்திரி உறைபனியக்கூடத் தாங்காது. அதோட வெளிநாட்டுக்கு விதை போகணும்னா தாவர நலச் சான்று கேப்பாங்க.

மகன் செடிக்கு வருவோம். இலை கருகுனதுக்கும் செடி சாகுறதுக்கும் சம்பந்தம் இல்ல. அகாந்தஸோட உயிர் மண்ணுக்குள்ள, கிழங்கு மாதிரி தடிச்ச வேர்ல இருக்கு. மே மாசம் விரலால அஞ்சு சென்டிமீட்டர் தோண்டி, தண்டு கிளம்புற இடத்தை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. கெட்டியா, கீறினா உள்ள வெள்ளையா இருந்தா உயிரோட இருக்கு. கொழகொழன்னு பழுப்பாகி நாத்தம் அடிச்சா நடுப்பகுதி போச்சு. அப்பவும் பிடுங்கிப் போடாதீங்க. பக்கத்து வேர்த்துண்டுலருந்து ஜூன் கடைசி வரைக்கும் முளை வரலாம்.

அழுகியிருந்தா காரணம் என்ன? இங்கதான் நான் எப்பவும் சொல்றது. குளிர் கொல்றதவிட ஈரம் கொல்றது அதிகம். நான் போட்ட தொட்டிச் செடி வீடியோ பார்த்தவங்க, இதென்ன மறுபடியும் அதே பாட்டான்னு சிரிப்பீங்க. அதே பாட்டுதான். நம்ம முண்டு மிளகாய்க் கொல்லையில ஐப்பசி மழை ரெண்டு நாள் தேங்கினா வேர் என்ன ஆகும்? டொராண்டோவுல பனி உருகி, களிமண்ணுல இறங்க வழியில்லாம நிக்கும். ராத்திரி மறுபடி உறையும், பகல்ல இளகும். இப்படி உறைஞ்சு இளகுறப்ப மண்ணு செடியவே மேல தூக்கிவிட்டுடும். வேர் அறுந்து, அறுந்த இடத்துல அழுகல் புகுந்துடும்.

அதனால நடுற இடத்தை 15, 20 சென்டிமீட்டர் மேடா போட்டு, சரளை மணல் கலந்துக்கணும். தெற்கு பார்த்த சுவரோரம் நல்லது, ஆனா கூரைத்தண்ணி சொட்டுற இடம் கூடாது. நடைபாதைக்கு உப்புப் போட்டு அள்ளின பனியையும் அதுமேல கொட்டக்கூடாது. கழுதைமுள்ளி உப்பைக் குடிச்சு வாழும், இது அப்படியில்ல. முக்கியமா, புரட்டாசியில நட்டதுதான் முதல் தப்பு. மே கடைசியில நட்டு, ஒரு கோடை முழுக்க வேர் இறங்கினாத்தான் முதல் குளிரைத் தாண்டும்.

மூடாக்கு எப்போ? நவம்பர் கடைசியில, இலை படுத்து, மேல்மண்ணு லேசா உறைஞ்சதுக்கு அப்புறம். காய்ஞ்ச இலை, வைக்கோல் 15 சென்டிமீட்டர் உயரம், சுத்தி ரெண்டடி அகலம். காத்துல பறக்காம மேல சுள்ளி வைக்கணும். பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம், உள்ள ஈரம் பூத்து அழுகிடும். இந்தப் போர்வை சூட்டுக்கு இல்ல, உறைஞ்ச மண்ணு அப்படியே அசையாம இருக்கத்தான். ஏப்ரல்ல மூடாக்கை ஒரே நாள்ல எடுக்காம கொஞ்சம் கொஞ்சமா விலக்கணும். முளை வந்தப்புறம் ராத்திரி பனி விழுற மாதிரி இருந்தா கூடையைக் கவிழ்த்து வைங்க.

கூடைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ் ஒரு கதை எழுதி வச்சிருக்கார். கிரேக்கத்துல கொரிந்துங்கிற ஊர்ல ஒரு பொண்ணு செத்துப்போக, அவளை வளர்த்த தாதி அவ சாமானையெல்லாம் கூடையில வச்சு, மேல ஓடு மூடி, கல்லறையில வச்சாளாம். அடியில அகாந்தஸ் வேர். வசந்தத்துல இலை கிளம்பி, கூடையைச் சுத்தி ஏறி, ஓட்டு மூலையில முட்டிச் சுருண்டுச்சு. அதைப் பார்த்த கல்லிமாகஸ்ங்கிற சிற்பிதான் தூண் உச்சியில அகாந்தஸ் இலை செதுக்கின கொரிந்தியத் தூண் தலைப்பைச் செஞ்சாராம். கதையா இருக்கட்டும், அதுலயும் பாருங்க, வேர்தான் வேலை செய்யுது.

இன்னொண்ணு, மோல்லிஸ் டொராண்டோ குளிருக்குத் துணிச்சலான தேர்வு. மைனஸ் 10, 15 டிகிரி வரைக்கும்தான் அதுக்குத் தெம்பு, அங்க சில ராத்திரி மைனஸ் 20 போகும். பிழைச்சாலும் இலை மட்டும் விட்டுட்டுப் பூக்காம நிக்கலாம். அடுத்த தடவை அகாந்தஸ்லயே ஸ்பினோசஸ் இல்லன்னா ஹங்காரிகஸ்னு கேட்டு வாங்கச் சொல்லுங்க. ரெண்டும் மோல்லிஸைவிடக் குளிர் தாங்கும். ஒரு செடிக்கு மூணடி இடம் விடணும். இடம் மாத்தினா மண்ணுல நிக்கிற துண்டு வேர் ஒவ்வொண்ணும் முளைக்கும், அதனால முதல்லயே யோசிச்சு நடுங்க.

அக்கா, நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. தொண்டியில உங்க கொல்லையில உப்புத்தண்ணி ஏறி எதுவும் வராத மூலை இருந்தா அங்க என்ன வைக்கலாம்? அதுக்குப் பதில் கழுதைமுள்ளி. வெயில்ல அதோட இலை மேல்பக்கத்தைப் பாருங்க, பொடி உப்பு மினுமினுக்கும், நாக்குல வச்சா கரிக்கும். வேர் வழியா ஏறின உப்பை இலை வெளிய தள்ளுது. பூ நீல ஊதா. காய் பழுத்தா வெடிச்சு விதையைத் தூர எறிஞ்சிடும். அதனால காய் பழுப்பாகத் தொடங்கும்போதே மெல்லிய துணியால கட்டிவிட்டு, விழுந்த விதையைக் காயவிடாம சேத்துமண் பையில ஊன்றணும். தண்டை வெட்டி நட்டாலும் வரும். மொதல்ல நல்ல தண்ணி ஊத்தி, வேர் பிடிச்சப்புறம் உவர்த்தண்ணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். நடைபாதையை விட்டு நாலடி தள்ளி வைங்க, முள்ளு புடவையைப் பிடிச்சு இழுக்கும்.