மாணவர் சங்கத் தேர்தலில் நிற்கப் போகிறீர்களா? முதலில் வருகைப் பதிவைப் பாருங்கள்

(திரையில்: அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தேர்தல் அட்டவணை)

வணக்கம். பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் வேட்பாளராக நிற்பது எப்படி என்பதுதான் இந்த வீடியோ.

தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இந்தத் தேர்தல் நடப்பதே இல்லை. நிர்வாகம் யாரையாவது பிரதிநிதியாக நியமித்துவிடும், அதோடு சரி. ஆனால் டெல்லிக்கோ ஹைதராபாத்துக்கோ கேரளத்துக்கோ படிக்கப் போனால், சேர்ந்த இரண்டாவது மாதமே தேர்தல் சூடு பிடித்துவிடலாம். கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்பதுதான் விதி.

யார் போட்ட விதி? கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் ஒரு குழு அமைந்தது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ அதன் தலைவர். 2006 மே மாதம் அறிக்கை வந்தது. செப்டம்பரில் அதைக் கட்டாயமாக்கி நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றைக்கும் வளாகத்தில் ஏதாவது தகராறு என்றால் 'லிங்டோ என்ன சொல்கிறது' என்றுதான் முதலில் கேட்பார்கள்.

(திரையில்: வேட்புமனுப் படிவம், ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு வட்டம்)

நிறைய பேர் தோற்கிற இடம் வாக்குப்பெட்டி இல்லை, மனு பரிசீலனை மேசை. நீங்கள் முழுநேர மாணவராக இருக்க வேண்டும், தொலைநிலைக் கல்வி என்றால் முடியாது. இளநிலைக்கு வயது 17 முதல் 22 வரை. நான்கைந்து வருடத் தொழிற்படிப்புகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. முதுநிலைக்கு 24, 25 வரை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு அறிக்கை சொன்னது 28.

வருகைப் பதிவு 75 சதவீதம், அல்லது உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, இதில் எது அதிகமோ அது. போட்டியிடும் ஆண்டில் அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குற்ற வழக்கு விசாரணையையோ, பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கையையோ சந்தித்திருந்தாலும் மனு தள்ளுபடி. போராட்டத்தில் முன்னால் நிற்பவர்கள் மேல்தான் இந்தக் கடைசி விதி அதிகம் பாய்கிறது என்று மாணவர் அமைப்புகள் நீண்ட நாளாகக் குறை சொல்கின்றன. எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனால் மனு கொடுக்கிற அன்றைக்கு அந்த வாதம் உங்களைக் காப்பாற்றாது.

இன்னொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. தலைவர், செயலாளர் போன்ற நிர்வாகிப் பதவிக்கு நிற்க உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. தோற்றாலும் அவ்வளவுதான். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை நிற்கலாம். அதனால், யாரோ உசுப்பேற்றினார்கள் என்று முதல் வருடமே தலைவர் பதவிக்குப் பாயாதீர்கள். முதலில் உங்கள் துறைப் பிரதிநிதியாக நில்லுங்கள். ஜெயித்தால் வேலை தெரிந்துவிடும். தோற்றால் எந்த ஹாஸ்டலில் உங்களுக்கு ஆளில்லை என்று தெரிந்துவிடும்.

(திரையில்: நாட்காட்டி, பத்து நாட்கள் மட்டும் வண்ணத்தில்)

மனு தாக்கலில் தொடங்கி முடிவு அறிவிப்பு வரை எல்லாமே பத்து நாளுக்குள் முடிய வேண்டும். பரிசீலனை, வாபஸ், வாக்கு எண்ணிக்கை எல்லாம் போக, பிரசாரத்துக்கு என்ன மிஞ்சும்? சில நாட்கள். அந்தச் சில நாளில் முகம் தெரியாத ஒருவர் பிரபலமாவது நடக்காத காரியம். ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களை ஓட்டுப்போட வரவைக்கத்தான் அந்த நேரம் போதும். ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்ப உதவியது, மெஸ் கமிட்டியில் சண்டை போட்டது, உடம்பு சரியில்லாதவரை இரவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது, ஓட்டு விழுவது இதற்கெல்லாம்தான்.

செலவு உச்சவரம்பு 5,000 ரூபாய். கட்சிப் பணம் கூடாது, மாணவர்கள் விரும்பித் தரும் நன்கொடை மட்டும்தான். அச்சடித்த போஸ்டருக்குத் தடை. கையால் எழுதியதுதான், அதுவும் ஒதுக்கிய சுவரில் மட்டும். ஒலிபெருக்கி கிடையாது, வண்டி ஊர்வலம் கிடையாது. விலங்குகளையும் பயன்படுத்தக் கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். யாரோ எங்கேயோ செய்திருக்க வேண்டும்!

நடைமுறை வேறு என்று சொல்வீர்கள். உண்மைதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அச்சுப் போஸ்டர்கள் சுவரை மறைத்தன. விளைவு என்ன? 2024 செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு நடந்தது. சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. முடிவு வந்தது நவம்பர் 25. ஜெயித்தவர்களுடைய பதவிக்காலத்தில் இரண்டு மாதம் அப்படியே போனது.

(திரையில்: ஹாஸ்டல் தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள்)

ஆக, மிச்சமிருப்பது அறை அறையாகப் போய்ப் பேசுவது. இதில் ஒரு வேட்பாளருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? கதவைத் திறந்தவர் இரண்டு நிமிடம் பொறுமையாக நின்றால் பெரிது. அதற்குள் பன்னிரண்டு அம்சத் திட்டம் படிக்காதீர்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். அது சங்கத்தால் முடிகிற காரியமாக இருக்கட்டும். 'கட்டணத்தைப் பாதியாக்குவேன்' என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். 'தேர்வு மாதத்தில் நூலகத்தை இரவு முழுக்கத் திறந்து வைக்க நூலகக் குழுவில் கோருவேன்' என்றால், 'சரி, போன வருஷம் ஏன் நடக்கல?' என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்தான் வேட்பாளர்.

டே ஸ்காலர்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் வகுப்பு முடிந்ததும் பேருந்து ஏறிவிடுவார்கள், ஹாஸ்டலில் என்ன அலை அடித்தாலும் தெரியாது. காலையில் அவர்கள் இறங்குகிற இடத்தில் நிற்க வேண்டும்.

மேடைப் பேச்சும் சில இடங்களில் ஓட்டை மாற்றும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வாக்குப்பதிவுக்கு முன் தலைவர் வேட்பாளர்கள் விவாதம் நள்ளிரவு தாண்டியும் நடக்கும். வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள், கூட்டத்திலிருந்தும் கேள்வி வரும். எழுதிவைத்துப் படிப்பவர்கள் அங்கே தேறுவது கஷ்டம். இன்னொரு பக்கம் டெல்லிப் பல்கலைக்கழகத்தில், வாக்குச்சீட்டில் மேலே வர வேண்டும் என்று பெயருக்கு முன்னால் கூடுதலாக ஒரு 'ஏ' சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

(திரையில்: வாக்குச்சாவடி வாசல், தரையில் வெள்ளைக்கோடு)

வாக்குப்பதிவு நேரம் முடிவதற்கு முந்தைய 24 மணி நேரம் பொதுக்கூட்டம் கூடாது. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. வாக்காளரை வண்டியில் அழைத்து வரக் கூடாது. அன்றைக்கு நீங்கள் யாருக்காவது எதையாவது கொடுக்கலாம் என்றால் அது தண்ணீர் மட்டும்தான். டீ, சமோசா எல்லாம் விதிமீறல். எண்ணும் அறைக்குக் களைப்பில்லாத முகவரை அனுப்புங்கள். பத்து நாள் கத்திய நண்பர் செல்லாத ஓட்டுத் தகராறு வரும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

முடிவு வந்ததும் மாலை, கோஷம் எல்லாம் சரி. அப்புறம் கணக்கு. இரண்டு வாரத்துக்குள், தணிக்கை செய்த செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டாலோ வரம்பை மீறினாலோ ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம். எதிர் அணி முறைகேடு செய்தது என்று நினைத்தால் மூன்று வாரத்துக்குள் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் கொடுங்கள். மாணவர் நலனைக் கவனிக்கும் டீனோடு இரண்டு இறுதியாண்டு மாணவர்களும் அதில் இருப்பார்கள். புகாரோடு புகைப்படம், தேதி, நேரம், சாட்சி எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவு மட்டும் போதாது.